எடுக்காமல் விட்ட சிரிப்பு

ஆவுடை செத்தது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்கரையில். மார்கழி மாதத்துச் சாயங்கால வெயில் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்க, அந்த வெளிச்சம் போவதற்குள் அவளைச் சாகடித்து முடித்துவிட வேண்டும் என்று டைரக்டர் இளம்பரிதி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கரைக்கும் கேமராவுக்குமாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். சினிமாவில்தான் செத்தாள். அதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது, பிற்பாடு அதை நினைவில் வைத்திருக்கிற ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

அம்பாசமுத்திரத்துப் பெண் அவள். முழுப்பெயர் ஆவுடைச்செல்வி. நடிப்பு நடிப்பு என்று பித்துப் பிடித்து மெட்ராசுக்கு வந்தவள் பின்னாலேயே, தகப்பனில்லாத பிள்ளையைத் தனியே விடுவேனா என்று அம்மா பகவதியும் இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தாள். சாலிகிராமத்தில் ஒரு மாடி வீடு. தெரு முழுக்கச் சினிமாக்காரர்கள், அதாவது படத்தில் முகம் தெரியாத சினிமாக்காரர்கள், லைட்டுத் தூக்குகிறவர், மேக்கப் போடுகிறவர், மாடியிலிருந்து குதிக்கிறவர், கூட்டத்தில் நிற்கிறவர். ஆவுடை ஒரு சின்ன நாடகக் குழுவில் சேர்ந்து, வாடகை ஹால்களில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த கொஞ்சம் பேருக்கு முன்னால் ராணியானாள், பைத்தியக்காரியானாள், விஷம் குடித்தாள், தூக்கில் தொங்கினாள், பிள்ளை பெறும்போது செத்தாள். எத்தனை சாவு செத்தாலும், நாடகம் முடிந்ததும் செத்தவர்களும் கொன்றவர்களும் கைகோத்து வரிசையாக வந்து சபையைக் கும்பிடுவார்கள். அப்புறம் பின்பக்கம் போய் ஒன்றாக டீ குடிப்பார்கள். அதனால் சாவு என்றால் அவளுக்கு ஒரு பயமும் இருந்ததில்லை.

சினிமாவில் கும்பிடு கிடையாது. அதற்குப் பதிலாக வேறொன்று வைத்திருக்கிறார்கள். பிணமாக நடித்தவர் 'கட்' சொன்னதும் கண்ணைத் திறந்து, கேமராவை நேராகப் பார்த்து, வாய்விட்டு ஒரு சிரிப்புச் சிரித்துவிட வேண்டும், அதையும் எடுத்துவிடுவார்கள். படத்தில் அது வராது, யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் எடுக்காமல் விடமாட்டார்கள். கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற டைரக்டர்கூட இந்தச் சிரிப்பு ஷாட்டை விடமாட்டார். சாவு நடிப்போடு சரி, ஆளோடு ஒட்டவில்லை என்று கேமராவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிற மாதிரி.

அன்றைக்கு அதை எடுக்கவில்லை. யார் குற்றம் என்று கேட்டால் ஆவுடையின் குற்றம்தான். மூங்கில் பாடையில், மூக்கில் பஞ்சும் நெற்றியில் ஒற்றை ரூபாயுமாகப் படுத்துக்கிடந்தவள், நாடகத்தில் பழகிய மாதிரி மூச்சை அடிவயிற்றுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, அப்படிச் செத்தாள். 'கட்' சொன்ன பிறகும் அழுகை நிற்கவில்லை. காசுக்கு அழ வந்த பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். ரிஃப்ளெக்டர் பிடித்தவன் அழுதான். கேமராமேன் மூக்கை உறிஞ்சியது அவள் காதில் விழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளிலிருந்து அவளுக்காக யாரும் அப்படி அழுததில்லை. "மேடம், ஒரு சிரிப்பு மேடம்" என்று உதவி டைரக்டர் ஒருவர் குனிந்து சொன்னதும் கேட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோமே என்று கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். அதற்குள் வெயில் போய்விட்டது. "விடுய்யா, எழுப்பாத. அந்த முகத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருக்கு" என்றார் இளம்பரிதி.

முதலில் அவள் கண்ணுக்குத் தெரியாமல் போனது படத்தை வெட்டி ஒட்டுகிற எடிட்டருக்கு. அந்தச் சாவை அவர்தான் திரும்பத் திரும்பப் பார்த்தவர். டப்பிங் பேசப் போனவளைத் தாண்டிக் கதவைப் பார்த்து, "ஆர்ட்டிஸ்ட் இன்னும் வரலையா?" என்றார். "இங்கதான் சார் இருக்கேன்" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், குரல் வந்த திசையைப் பார்த்தார், மறுபடி துடைத்தார். சிரிப்பு ஷாட் எடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். "அதான்" என்று சொல்லிவிட்டு மைக்கைச் சரிசெய்யச் சொன்னார். குரல் நன்றாக விழுந்ததால் அன்றைக்கு வேலை தடையில்லாமல் நடந்தது.

சித்திரையில் படம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை தெருவே திரண்டுபோய்ப் பார்த்தது, நம்ம தெருப் பொண்ணு நடிச்ச படம் என்று. மத்தியானம் கண் வீங்கித் திரும்பி வந்தவர்களை வரவேற்க மாடிப்படியில் நின்றிருந்தாள் ஆவுடை, புதுச் சுடிதாரும் தலை நிறையப் பூவுமாக. அவர்கள் அவளைத் தாண்டி மேலே ஏறிப்போய்ப் பகவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த வீட்டுப் பிரேமா மட்டும் படியில் கொஞ்சம் தயங்கி நின்றாள். அவளும் நடிகைதான், இருபது வருஷமாகக் கூட்டத்தில் நின்று அழுகிற நடிகை. இழவு வீட்டுக் காட்சி என்றால் ஏஜென்ட் முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

"பிரேமாக்கா, நான் இங்க நிக்கிறேன்" என்றாள் ஆவுடை.

"தெரியும் கண்ணு. குரல் கேக்குது" என்றாள் பிரேமா, சுவரைப் பார்த்து. "நீ இருக்கேன்னு எனக்கா தெரியாது? ஆனா நான் பாத்துட்டேன்டி உன்ன, பாடையில. அதுக்கப்புறம் கண்ணுக்கு எப்படித் தெரியும், சொல்லு."

அவளுடைய சாவைத் திரையில் பார்த்தவர் கண்ணுக்கு உயிருள்ள அவள் தெரியமாட்டாள், அவ்வளவுதான் விஷயம். இதில் யாரும் திகைத்து நின்றுவிடவில்லை. தண்ணீர் லாரி வருகிற நேரம் மாறினால் குடத்தை எடுத்துவைக்கிற நேரத்தை மாற்றிக்கொள்கிற தெரு அது, இதற்கும் பழகிக்கொண்டது. மளிகைக் கடைக்காரர் குரல் வந்த பக்கமாகச் சாமானை நீட்டினார். ஆட்டோக்காரர், "ஏறிட்டியாம்மா, கெளம்பட்டுமா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மாடிப்படியில் யாரும் மோதிவிடக்கூடாது என்று, ஏறும்போது லேசாகக் கனைத்துக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரர், அதையும் அன்பாகத்தான் சொன்னார். ரசிகர் மன்றம் வைக்கிறோம் என்று நாலு பேர் வந்தார்கள். வந்தவர்கள் அவளிடமே பிறந்த தேதி கேட்டுக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் தெருமுனையில் ஆளுயர ஃபிளெக்ஸ் நின்றது, கண்ணீர் அஞ்சலி என்று. தோற்றம் என்று அவள் பிறந்த தேதி, மறைவு என்று படம் வெளியான தேதி. தேதி சரியாக இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கம்மா என்று போனில் கேட்டார்கள். சரியாக இருக்கிறது என்றாள் ஆவுடை. வேறென்ன சொல்வாள்.

பட வாய்ப்புகள் வந்தன, வராமல் இல்லை. ஆனால் வந்ததெல்லாம் பிணம். கண்ணை மூடி மூச்சை ஒளித்துப் படுத்தால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தாள், அதுவும் முன்னைவிட அழகாக. எழுந்தால் காணாமல் போனாள். "எழுந்து நடக்கிற வேஷம் குடுத்தா நாங்க எதப் பாத்து ஃபோகஸ் பண்றதும்மா?" என்று நியாயமாகவே கேட்டார்கள். ஒன்றையும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய நாடகக் குழுவுக்கே திரும்பிப் போனாள். சபையில் பாதிப் பேர் படம் பார்த்திருந்தார்கள்; அவர்களுக்கு, மற்ற நடிகர்கள் வெறும் இடத்தோடு பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது, அந்த வெறும் இடத்தைப் பார்த்துத்தான் அவர்கள் தேம்பினார்கள். அடுத்த நாடகத்துக்குள் சபையில் முக்கால்வாசிப் பேர் பார்த்திருந்தார்கள். கடைசியில் கைகோத்துக் கும்பிட வந்தபோது, அவள் பக்கத்தில் நின்ற பையன் தடவிப் பார்த்து அவள் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. வெளியே, ஆற்காடு ரோட்டைக் கடப்பது பெரிய சூதாட்டமாகிவிட்டது. வருகிற வண்டிக்காரன் படம் பார்த்தவனா பார்க்காதவனா என்று எப்படித் தெரியும்? ஒரு தரம் பைக் ஒன்று அவள் முழங்கையை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்துவிட்டு, ரோட்டில் ஒன்றுமில்லை என்று கண்டு, நிம்மதியாகப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தால் அம்மா இருந்தாள். பகவதி படம் பார்க்கவில்லை. "பெத்தவ பாக்கக்கூடிய படமாட்டி அது? எம்பிள்ள சாவதப் போயி நான் டிக்கட் எடுத்துப் பாக்கவா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் அந்த ஒரு வீட்டில், அந்த இரண்டு அறைகளில், ஆவுடை தலை வாரினாள், சட்னியில் உப்பில்லை என்று சண்டை போட்டாள், இடுப்பில் கைவைத்து நின்றாள், அத்தனையும் ஒரு ஜோடிக் கண்ணில் விழுந்தது. துக்கம் கேட்க வந்த பெண்களிடம் பகவதி எரிந்து விழுந்தாள். "அந்தா நிக்காள்லா கதவுகிட்ட, பச்சச் சுடிதாரு போட்டுக்கிட்டு, கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு?" பெற்ற மனம், ஒத்துக்கொள்ள நாளாகும் என்று பொறுமையாகத் தலையை ஆட்டினார்கள், கொண்டுவந்த சோற்றுத் தூக்கைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

தீபாவளிக்கு டிவியில் போட்டார்கள். அத்தோடு, சினிமாவுக்கே போகாத கோயில் குருக்கள், கீழ்வீட்டுப் பிள்ளைகள், ஊரில் இருந்த சொந்தபந்தம் எல்லாருடைய கண்ணும் போயிற்று. பகவதி டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு முறுக்குக்கு எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். வாசனை கண்டு பிரேமா பதறி ஓடி வந்தாள். "இன்னா பண்றீங்கம்மா? வருஷம் திரும்பாத வீட்ல எண்ணெச் சட்டி வைக்கலாமா? தெரு பாத்தா இன்னா சொல்லும்?" தெருவிலிருந்து தட்டுத் தட்டாகப் பலகாரம் வந்தது, துக்கவீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி, மஞ்சள் குங்குமம் இல்லாமல். பகவதி ஒவ்வொரு தட்டையும் பார்த்தாள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகள் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் அடிக்கடி தொட்டுப் பார்த்தாள். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, உலை கொதித்துக்கொண்டிருக்க, பகவதி ஒரே ஒரு ஆளுக்கு அரிசி அளந்து களைந்தாள். களைந்த பிறகு கை நின்றது. நின்று, ஏதோ ஞாபகம் வந்தவளாக, இன்னொரு கைப்பிடி எடுத்துப் போட்டாள். பின்னால் நின்றிருந்த ஆவுடை அதைப் பார்த்தாள். ஆற்காடு ரோட்டில்கூட அவளுக்கு அப்படிப் பயம் வந்ததில்லை. அம்மா கண்ணிலிருந்தும் போய்விட்டால் நான் எங்கே இருப்பேன்? அன்றைக்கே இளம்பரிதியின் ஆபீசுக்குப் போய், அவர் மேஜைக்கு எதிரே நின்று, "சார், அந்தச் சிரிப்ப எடுத்துருங்க" என்றாள்.

இளம்பரிதி நல்ல மனுஷன்தான். குரல் வந்த இடத்துக்குக் கொஞ்சம் இடதுபக்கமாகப் பார்த்து, கண்கலங்கி, சரி என்றார். அதே ஏரிக்கரை, அதே பாடை, அதே சாயங்காலம். பழைய கேமராமேனே வந்தார். ஆவுடை செத்துக் கிடந்தாள், கண்ணைத் திறந்தாள், சிரித்தாள். "சிரிச்சீங்களாம்மா?" என்று கேட்டார் கேமராமேன். "சிரிச்சேன் சார்." "எனக்கு விழலையே" என்றார். போட்டுப் பார்த்தார்கள், அருமையாகச் செத்த முகம் இருந்தது, அப்புறம் வெறும் பாடை இருந்தது. எடுக்கிறவன் கண்ணில் விழாத சிரிப்பு கேமராவிலும் விழாது என்று அவர் கையை விரித்துவிட்டார். வேறு கேமராமேனுக்கு எங்கே போவது? நாட்டில் கேமரா தொட்ட அத்தனை பேரும் அந்தச் சாவுக் காட்சியைப் பாடம் படிக்கிற மாதிரி படித்திருந்தார்கள். பம்பாயிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் வருகிற வழியில் விமானத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து இறங்கினார்.

"ஒன்ன இன்னும் யாராவது பாக்கறாங்களாம்மா?" என்று கேட்டார் இளம்பரிதி.

அந்தப் பாடைக்குப் பக்கத்தில் அம்மாவைக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆவுடைக்குத் தெரியாதா. அம்மா கேமரா வழியாக ஒரு கணம், செத்துக் கிடக்கிற அவளைப் பார்த்துவிட்டால், இருக்கிற ஒரு ஜோடிக் கண்ணும் போயிற்று. ஆனால் சும்மா இருந்தாலும் அது போய்க்கொண்டுதான் இருந்தது, கைப்பிடி அரிசியாக.

விஷயத்தைச் சொன்னதும் பகவதி, "எந்தப் பித்தான அமுக்கணும்?" என்று மட்டும் கேட்டாள். சிவப்புப் பித்தானை ஒரு தரம் அமுக்கினால் ஓடும், இன்னொரு தரம் அமுக்கினால் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆவுடை பிணமாகக் கிடக்கும்போது பகவதி கண்ணை இறுக்க மூடிக்கொள்ள வேண்டும். இளம்பரிதி "சிரி" என்றதும் மகளும் தாயும் ஒன்றாகக் கண்ணைத் திறக்க வேண்டும். பிணமாக ஆரம்பிக்காமல் சும்மா சிரித்தால் அது சாவைக் கழற்றாது, வெறும் போட்டோதான் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அம்மா திறந்ததும் மகள் சிரிப்பாள், அம்மாவும் சிரித்துவிடுவாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, கீழ்வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

மார்கழியில் ஏரிக்கு வண்டி கிளம்பியபோது தெருப் பெண்களும் ஏறிக்கொண்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. படுத்தால்தானே தெரிவாள், ஒரு தரம் கண்ணாரப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆவுடைக்கும் வாய் வரவில்லை.

பகவதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள், பித்தானை அமுக்கினாள், கண்ணை மூடிக்கொண்டாள். ஆவுடை பாடையில் படுத்து, பஞ்சை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை ஒளித்தாள். அந்தக் கணமே கரையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அந்தா, தெரியுறா, தெரியுறா என்று முணுமுணுத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்து ஏழெட்டு மாதமாகியிருந்தது அவர்களுக்கு. பிரேமாதான் முதலில் விட்டாள், சத்தம் போடக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், தாங்காமல், "அடி என் ராசாத்தி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். காசு வாங்காமல் அவள் அழுத முதல் இழவு அதுதான் என்று பிற்பாடு சொன்னாள். பின்னாலேயே மற்றப் பெண்கள், லைட்காரர்கள், எல்லாரும். இளம்பரிதிக்குச் "சிரி" என்று சொல்ல வேண்டும். அவரோ துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழ, நடுவில் ஒரு தாய் எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

"சிரிம்மா" என்றார் இளம்பரிதி, ஒருவழியாக.

ஆவுடை கண்ணைத் திறந்து, கேமராவை நேராகப் பார்த்து, சிரித்தாள். நடிக்கவே இல்லை, முந்தானையைச் செருகிக்கொண்டு கேமராமேனாக உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பல் தெரிய, கண்ணில் நீர் முட்ட, இந்தச் சிரிப்பில்தான் உயிர் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை அப்புறம்தான் பார்த்தாள். பகவதியின் கட்டைவிரல் பித்தான்மேல் அமுங்கியபடி இருந்தது.

"படம் புடிக்காதிய" என்றாள் பகவதி. "எம்புள்ள கெடக்கது ஒங்களுக்குப் படமாய்யா? ஒருத்தரும் புடிக்கக் கூடாது."

ஸ்டூலை விட்டு எழுந்து பாடையை நோக்கி வந்தாள். ஆவுடை எழுந்து உட்கார்ந்து, "அம்மா, நான் சிரிச்சிட்டேம்மா, பாரு" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பகவதி தன் கையைக் குனிந்து பார்த்தாள். "கை என்னமா நடுங்குது, செத்தப் புடிச்சுக்கோ பிரேமா" என்றாள். மூங்கிலைத் தடவினாள், வைக்கோலைத் தடவினாள், கசங்கிய பூவைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அதுக்குள்ள தூக்கிட்டியளா? மொகத்த முழுசா பாக்கலியேய்யா நான். பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத் தூக்கக் கூடாதா?"

"அம்மா, இங்கதான் இருக்கேன். அம்மா, ஒன் பக்கத்துலதான் இருக்கேன்."

பகவதி தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. "பிரேமா, அவ சத்தம் இன்னும் காதுலயே நிக்கி, பாரேன்" என்றாள்.

பிரேமா அவளைத் தோளோடு அணைத்து, கண்ணீரைத் துடைத்துவிட்டு, வண்டியை நோக்கி மெல்ல நடத்திக்கொண்டு போனாள். "கேக்கும்மா" என்றாள். "கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் கேக்கும்."